கிரெடிட் கார்டு கடனுக்காக அப்பாவின் மாந்தோப்பை ஜப்தி செய்ய முடியுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிவிடுகிறேன், தம்பி. பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் விவரம் புரிய வேண்டும். நீங்கள் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்த ஊழியர். கேன்டீன் வாசலில் மேசை போட்டிருந்தவர்கள் ‘வாழ்நாள் முழுவதும் இலவசம்’ என்று சொல்லிக் கொடுத்த கார்டில் ஒரு செல்பேசி வாங்கினீர்கள். அக்காவின் வளைகாப்புச் செலவுக்கு ஏடிஎம்மில் ரொக்கமும் எடுத்தீர்கள். சில மாதங்கள் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தீர்கள். ஒப்பந்தம் முடிந்து வேலை போனதும் அதுவும் நின்றது. 40,000 ரூபாயாக இருந்த நிலுவை இன்று 61,000. கேட்காத காப்பீடு ஒன்றுக்கும் மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். இரவு ஒன்பதரைக்கு வசூல்காரர்கள் அழைக்கிறார்கள். காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் உங்கள் அப்பாவையும் அழைத்து, தோப்பை ஜப்தி செய்வோம், போலீஸ் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள். “கிரெடிட் கார்டுக்கு என்று சட்டமே கிடையாதா, வங்கிக்காரன் வைத்ததுதான் வட்டியா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது தோப்பு போகுமா, போலீஸ் வருமா, இந்த 61,000 நியாயமான கணக்குதானா என்ற மூன்றையும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல. பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004-க்கு முன்பிருந்தே அரூர், பாலக்கோடு, பர்கூர்ப் பக்கம் கிளைகளில் இருந்தேன். பணியின் கடைசிப் பகுதி முழுவதும் வாடிக்கையாளர் புகார்களைப் படித்துப் பதில் எழுதும் மேசையில் கழிந்தது. கார்டு விதிகள் எனக்குப் பழக்கமானது அங்கேதான். உங்கள் கணக்கு அறிக்கைகளை நான் பார்க்கவில்லை. ஆகவே விதி என்ன சொல்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் வங்கி அதை மீறியதா என்பதை உங்கள் காகிதங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் தோப்பு. கிரெடிட் கார்டு என்பது பிணையில்லாக் கடன். யாரும் அடமானம் வைக்கவில்லை, யாரும் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை. வயது வந்த மகன் தன் பெயரில் வாங்கிய கடனுக்கு உயிரோடு இருக்கும் தகப்பனின் சொத்து பொறுப்பாகாது. நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வங்கி சொத்தைக் கைப்பற்ற வழி செய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் அடமானம் உள்ள கடன்களுக்கு மட்டுமே உரியது. அந்தச் சட்டத்திலும் விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு. உங்கள் விஷயத்தில் வங்கி செய்யக்கூடியது உங்கள் மீது சிவில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதை உங்கள் சொத்தின் மீது நிறைவேற்றுவது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். தோப்பு அப்பா சுயமாக வாங்கியதா, தாத்தா வழியில் வந்து இன்னும் பாகம் பிரிக்காததா? பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து என்றால் அதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கும். தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பங்கை மட்டும் ஜப்தி கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 61,000 ரூபாய் கார்டு நிலுவைக்காக அந்த அளவுக்குப் போன வங்கியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ‘முடியவே முடியாது’ என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது.

உங்கள் அப்பா இவ்வளவு கலங்கியதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் ‘கிரெடிட் கார்டு’ என்ற சொல்லே முதலில் கிராமத்துக்கு வந்தது 1998-இல் தொடங்கிய கிசான் கிரெடிட் கார்டு மூலமாகத்தான். அது நிலத்தின் சிட்டா, அடங்கலைப் பார்த்துக் கொடுக்கும் பயிர்க் கடன். அரசின் வட்டி மானியம் உண்டு. மூன்று லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதமாகக் குறையும். நிலத்தைக் காட்டி வாங்கிய கார்டு என்பதால், கார்டு என்றாலே நிலம் போய்விடும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். வசூல்காரர்களுக்கும் இது தெரியும். இரண்டுக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை என்று அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். அப்பாவுக்குக் கிசான் கார்டு இருந்தால் அந்தக் கணக்கை உங்கள் நிலுவைக்காகத் தொட முடியாது.

அடுத்தது போலீஸ். கடன் வாங்கித் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றம் ஆகாது. அது சிவில் விவகாரம். போலீஸ் கைது செய்ய அதில் இடமில்லை. சில விதிவிலக்குகளைச் சொல்ல வேண்டும். பொய்யான சம்பளச் சீட்டு கொடுத்து கார்டு வாங்கியிருந்தால் அது மோசடிப் புகாராக மாறலாம். காசோலை கொடுத்து அது பணமில்லாமல் திரும்பியிருந்தால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வரும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள அனுமதி கொடுத்து அது பணமின்றித் திரும்பியிருந்தாலும் 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா முறைமைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஏறக்குறைய அதேபோலச் செயல்படும். அப்போதும் எழுத்து மூலம் நோட்டீஸ் வர வேண்டும், 15 நாள் அவகாசம் தர வேண்டும், பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனி வழக்கு. வீட்டுக்கு ஜீப் வந்து நிற்கும் கதை அதில் கிடையாது. லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் இருந்து கடிதம் வந்தால் பயந்து ஒளியாதீர்கள். அது சமரசம் பேச அழைப்பு. போனால் வட்டி குறைய வாய்ப்பு உண்டு. உண்மையான நீதிமன்ற சம்மன் வந்தால் மட்டும் ஒருநாளும் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும்.

இனி, சட்டம் இருக்கிறதா என்ற கேள்வி. இருக்கிறது. நாடாளுமன்றம் கிரெடிட் கார்டுக்கென்று தனிச் சட்டம் இயற்றவில்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949, ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934 ஆகியவை தரும் அதிகாரத்தில் ரிசர்வ் வங்கி பிறப்பிக்கும் கட்டளைகள்தான் இங்கே சட்டம். வங்கிகள் அவற்றை மீற முடியாது. இன்று நாம் பேசும் விதிகளின் அடிப்படை 2022 ஏப்ரல் 21 அன்று வெளியாகி, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டளைகள். 2024 மார்ச்சில் சில திருத்தங்கள் வந்தன. 2025 நவம்பர் இறுதியில் ரிசர்வ் வங்கி தன் பழைய சுற்றறிக்கைகளையெல்லாம் தொகுத்துப் புதிய பெயர்களில் வெளியிட்டது. ஆகவே புகாரில் சுற்றறிக்கை எண்ணைத் தேடி எழுதி மெனக்கெட வேண்டாம். விதியின் பொருளை எழுதினால் போதும்.

ஆனால் இந்தச் சட்டம் ஒன்றைத் தொடுவதில்லை: வட்டியின் அளவை. உங்களுக்குக் கோபம் வரும் இடமும் அதுதான். வட்டி கொள்ளையாக இருக்கக் கூடாது என்று கட்டளை பொதுவாகச் சொல்கிறது. எத்தனை சதவீதம் என்று எண் போடவில்லை. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. பல ஆண்டுகள் கிடப்பில் இருந்து, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் எல்லைக்குள் வருவது, நுகர்வோர் ஆணையம் அதில் நுழைய முடியாது என்று சொல்லிவிட்டது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவும், வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் வங்கிக் கணக்கை மறுபடி திறக்கக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தைக் கொண்டுவர முடியாதா என்று இந்நேரம் யாராவது கேட்பார்கள். அது தனியார் வட்டிக்காரர்களைக் கட்டுப்படுத்த வந்தது. ரிசர்வ் வங்கியிடம் பதிவு செய்த நிதி நிறுவனங்களுக்கு மாநிலங்களின் வட்டிக்கடைச் சட்டம் பொருந்தாது என்று கேரளா, குஜராத் சட்டங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லியிருக்கிறது. வங்கி என்றால் அந்தக் கதவு இன்னும் இறுக்கம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாலும் மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கு அனுப்பி வைப்பார்கள். அவரால் வட்டியைக் குறைக்க முடியாது.

எனவே ‘ஆண்டுக்கு 42 சதவீத வட்டி அநியாயம்’ என்று எழுதும் புகார் தோற்கும். அநியாயம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாதத்துக்குச் சட்டத்தில் கொக்கி இல்லை. சட்டம் விலையைக் கட்டுப்படுத்தவில்லை. கார்டு கொடுத்த விதம், பில் போட்ட விதம், வசூலித்த விதம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் 61,000-த்தில் குறையக்கூடிய தொகை எதுவாக இருந்தாலும் அது இந்த மூன்றில் எங்காவதுதான் ஒளிந்திருக்கும்.

அதற்கு முன் கணக்கு எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். மாதம் 3.5 சதவீதம் என்பது இன்று சாதாரணமாகக் காணும் விகிதம். 40,000-க்கு ஒரு மாத வட்டி 1,400. கார்டு வட்டிக்கு ஜிஎஸ்டி விலக்கு கிடையாது. 18 சதவீதம், அதாவது 252. மொத்தம் 1,652. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டியது 2,000. அசலில் குறைந்தது 348 ரூபாய். அந்த மாதம் கார்டில் ஒரு பெட்ரோல், ஒரு ரீசார்ஜ் போட்டிருந்தால் அசல் ஏறியிருக்கும். இன்னொன்று: முழுத் தொகையும் கட்டாதபோது வட்டியில்லாக் காலம் போய்விடுகிறது. கெடு தேதியிலிருந்து வட்டி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். செல்பேசி வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஏடிஎம்மில் எடுத்த ரொக்கத்துக்கோ ஒருநாள்கூடச் சலுகை இல்லை, எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும், தனிக் கட்டணமும் உண்டு. இதெல்லாம் சட்டப்படி செல்லும். வங்கி இதை முன்கூட்டியே முக்கிய விவரத் தாளிலும் பில்லிலும் எழுதிக் காட்டியிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

இப்போது செல்லாதவற்றுக்கு வருகிறேன். தாமதக் கட்டணத்தைக் கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆன பிறகே போடலாம். அதையும் செலுத்தாமல் நிற்கும் தொகையின் மேல் மட்டுமே கணக்கிட வேண்டும், பில்லின் மொத்தத் தொகை மேல் அல்ல. கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கும் வட்டி போடக் கூடாது. நான் பார்த்த புகார்களில் பணம் திரும்பக் கிடைத்தவை பெரும்பாலும் இந்த வகைதான். உங்கள் அறிக்கைகளை வரிசையாக வைத்து, முந்தைய மாதத் தாமதக் கட்டணம் அடுத்த மாதம் வட்டி கணக்கிடும் தொகைக்குள் போயிருக்கிறதா என்று பாருங்கள். கடன் வரம்பைத் தாண்டிய கட்டணம் இருந்தால், வரம்பைத் தாண்ட நீங்கள் வெளிப்படையாகச் சம்மதித்தீர்களா என்று கேளுங்கள். ‘இலவசம்’ என்று கொடுத்த கார்டில் மறைமுகக் கட்டணம் இருக்கக் கூடாது. எந்தக் கட்டணத்தைப் புதிதாகப் போடுவதானாலும் ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும்.

காப்பீட்டு விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். கார்டோடு சேர்த்துக் காப்பீடு கொடுப்பதென்றால் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் எழுத்திலோ டிஜிட்டல் முறையிலோ வேண்டும், வாரிசுதாரர் விவரமும் வாங்க வேண்டும் என்பது கட்டளை. உங்களிடம் வாரிசுதாரர் பெயர் யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் புகாரில் முதல் வரி அதுவாக இருக்கட்டும். பிடித்த தொகை, அதற்கு ஜிஎஸ்டி, அதன் மேல் ஏறிய வட்டி எல்லாவற்றையும் திருப்பிக் கேளுங்கள். செல்பேசியை ‘வட்டியில்லாத் தவணை’ என்று மாற்றிக் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் தனித்தனியாகக் காட்டாமல் வட்டியுள்ள தவணையை வட்டியில்லாதது என்று சொல்வதும் தடை செய்யப்பட்டதே.

கேட்காமலேயே வீட்டுக்கு வந்த கார்டுக்கு விதி இன்னும் கடுமை. சம்மதமில்லாமல் கொடுத்து, செயல்படுத்தி, பில் போட்டால் பிடித்ததைத் திருப்பித் தருவதோடு அதன் இருமடங்கை அபராதமாகவும் வங்கி கொடுக்க வேண்டும். உங்களுக்கு இது பொருந்தாது, நீங்கள் விரும்பித்தான் வாங்கினீர்கள். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் வங்கியும் கடையும் சேர்ந்து தரும் கூட்டு முத்திரைக் கார்டுகள் கைமாறும் வேகத்தைப் பார்த்து இதையும் எழுதி வைக்கிறேன். அந்தக் கடைக்காரர் வெறும் விற்பனையாளர், பொறுப்பு கார்டு வழங்கிய வங்கியுடையது.

ஒரு இடைச்செருகல். செல்பேசியில் சுற்றும் அறிவுரைகளில் ‘முப்பது நாளுக்குள் கடனை நிரூபி என்று கடிதம் போடு, நிரூபிக்காவிட்டால் கடன் ரத்து’ என்று ஒன்று வருகிறது. அது அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டு வசூல் நடைமுறைச் சட்டத்திலிருந்து பாதி காதில் விழுந்தது. அங்கேயும் கடன் ரத்தாவதில்லை. இங்கே அந்தக் கடிதத்துக்கு மதிப்பே இல்லை.

வசூல்காரர்கள் விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிட விதி உங்கள் பக்கம் இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரை வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாக எழுதியது. மிரட்டல், பொதுவில் அவமானப்படுத்துதல், குடும்பத்தினர், நண்பர்கள், விண்ணப்பத்தில் குறிப்பிட்டவர்கள் ஆகியோரின் தனிமையில் தலையிடுதல், பொய்யான தகவல் சொல்லுதல் எல்லாம் அதே சுற்றறிக்கையில் தடை. முகவர் செய்தார், எங்களுக்குத் தெரியாது என்று வங்கி தப்பிக்க முடியாது. முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு. நேரில் வருபவரிடம் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். ஒன்பதரை மணி அழைப்பின் ஸ்கிரீன்ஷாட், அப்பாவின் செல்பேசியில் வந்த எண், தேதி, நேரம், ஒலிப்பதிவு இருந்தால் அது, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டாலோ கை வைத்தாலோ அது வங்கி விவகாரம் ஆகாது. காவேரிப்பட்டணம் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு விதி இங்கே உதவும். வாடிக்கையாளரின் புகார் நிலுவையில் இருக்கும்போது, அது தீரும் வரை வசூல் முகவரிடம் அந்தக் கணக்கை அனுப்பக் கூடாது என்று 2008-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. புகார் வெறும் சாக்கு என்று வங்கி கருதினால் விதிவிலக்கு உண்டு. எனவே தொலைபேசியில் சண்டை போடுவதைவிட, ஆதாரத்தோடு எழுதிய ஒரு பக்கக் கடிதம் அழைப்புகளை வேகமாக நிறுத்தும்.

எனக்கே உறுதியில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கேன்டீனில் டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டபோதோ ஓடிபி சொன்னபோதோ காப்பீட்டுக்கான கட்டத்திலும் டிக் விழுந்திருந்தால், அதையே சம்மதம் என்று வங்கி காட்டும். அது வெளிப்படையான சம்மதமா, கும்பலில் கோவிந்தாவா என்பதை விசாரிப்பவர் எப்படிப் பார்ப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கார்டு கொடுத்த வங்கியிலேயே உங்கள் சம்பளக் கணக்கு இருந்தால், நிலுவையை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கக்கூடும். முன்னறிவிப்பில்லாமல் முழுச் சம்பளத்தையும் எடுத்தது சரியா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு, ஆனால் வாதம் முடியும் வரை பணம் அவர்களிடம் இருக்கும். புது வேலை கிடைத்தால் சம்பளத்தை வேறு வங்கியில் வாங்குவது நல்லது. தீர்ப்பு வாங்கி சம்பளத்தைப் பிடிப்பதானாலும் முதல் 1,000 ரூபாயையும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது, இதில் சந்தேகமில்லை. மூன்றாண்டுக் காலவரம்பு கடந்தால் வழக்குப் போட முடியாது என்று யாராவது சொன்னால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இடையில் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். அதுவரை வட்டியும், சிபில் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் கறையும் ஓடிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது என்ன? கார்டு வந்த நாள் முதல் எல்லா அறிக்கைகளையும், உங்கள் விண்ணப்பத்தின் நகலையும், காப்பீட்டுச் சம்மதத்தின் பதிவையும் வங்கியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். அதே மின்னஞ்சலில் நீங்கள் மறுக்கும் ஒவ்வொரு தொகையையும் தேதியோடு எழுதுங்கள். அசலை மறுக்கவில்லை, கட்டத் தயார், இந்தத் தொகைகளை மட்டும் நீக்குங்கள், மீதத்தைத் தவணையாக மாற்றுங்கள் என்று எழுதுங்கள். கடனை முழுதாக மறுப்பவனையும் கட்ட நினைப்பவனையும் புகார் மேசையில் இருப்பவர் முதல் பத்தியிலேயே பிரித்துவிடுவார். நான் அப்படித்தான் பிரித்தேன். அழைப்புகளுக்கு ஒரு தனிப் பத்தி. நகல், புகார்களுக்குப் பொறுப்பான வங்கியின் முதன்மை நோடல் அதிகாரிக்கு. அவருடைய முகவரி வங்கியின் இணையதளத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். புகார் எண் இல்லாமல் எதுவும் செய்ததாக ஆகாது.

பணம் பற்றி ஒரு வார்த்தை. வருகிற பருவத்துக்குத் தோப்பைப் பூ விடும்போதே குத்தகைக்குப் பேசி முன்பணம் வாங்கிக் கட்டிவிடலாம் என்று அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். மிரட்டலுக்கு அவசரப்பட்டுப் பேசினால் குத்தகைக்காரர் சொன்ன விலைக்குத்தான் படியும். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடனின் வட்டி கார்டு வட்டியில் மிகச் சிறிய பங்குதான். சர்ச்சையுள்ள தொகைகள் கழிந்த பிறகு மீதத்தை அதில் அடைப்பது என் யோசனை. தனியார் வட்டிக்கு வாங்கி அடைக்காதீர்கள். ‘பாதி கட்டினால் முடித்துக்கொள்கிறோம்’ என்று முகவர் சொன்னால், தொகையும் தேதியும் போட்ட வங்கியின் கடிதம் கையில் வந்த பிறகே, வங்கியின் கணக்குக்கே கட்டுங்கள். முகவரின் யுபிஐ எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். குறைத்துக் கட்டி முடித்தால் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும். பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது அது இடறும். முழுதாகக் கட்டினால் நிலுவையில்லாச் சான்று வாங்கி, கார்டை மூடச் சொல்லி எழுதுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். நிலுவை எதுவும் இல்லாமலிருந்தும் தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கார்டைக் கத்தரித்துப் போடுவது மூடுவது ஆகாது.

வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. இணையதளத்திலேயே புகாரை நிரப்பிவிடலாம், விவரத்துக்கு 14448 என்ற எண்ணை அழையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு காலவரம்பு. வட்டி விகிதத்தைத் தொட ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்மதமில்லாக் காப்பீடு, தவறான கட்டணம், வசூல் அத்துமீறல் போன்ற சேவைக் குறைபாடுகள் இன்னும் அதன் எல்லைக்குள்தான். உங்கள் தொகைக்கு முதலில் குறைதீர்ப்பாளர் போதும் என்பது என் அபிப்பிராயம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடாதீர்கள். அதே விஷயம் நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் உங்கள் புகாரை எடுக்கமாட்டார். சட்ட ஆலோசனை வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கேளுங்கள். அறிக்கைகள் கைக்கு வந்ததும் பெயரையும் கார்டு எண்ணையும் மறைத்து இங்கே போட்டால், தாமதக் கட்டணக் கணக்கை நானும் ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்.